கோள் என்றால் உருண்டையா?

கேள்வி இதுதான்: பிளானட் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'அலைந்து திரிபவன்' என்று பொருளாம். அப்படியென்றால் தமிழில் 'கோள்' என்று சொல்வது அது கோளமாக, உருண்டையாக இருப்பதால்தானா? கிரகம் என்றால் என்ன பொருள்? இரண்டில் எதை எழுதுவது சரி?

முதலில் நடுவில் கிடக்கும் தவறை எடுத்துப் போட்டுவிடுகிறேன். கோளுக்கும் உருண்டைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கோள் என்றால் பிடி. கிரகம் என்றாலும் பிடி. இரண்டும் ஒரே பொருள், இரண்டு மொழி, அவ்வளவுதான். ஆனால் யார் யாரைப் பிடித்தார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று ஒன்று படித்திருப்பீர்கள். கெடு என்பது கேடு ஆகும், சுடு சூடாகும், பெறு பேறாகும், படு பாடாகும். வினைச்சொல்லின் முதல் எழுத்து நீண்டால் பெயர்ச்சொல் வந்துவிடும். அதே வரிசையில் கொள் என்பது கோள். கொள்ளுதல், பற்றுதல், எடுத்துக்கொள்ளுதல். இது ஏதோ அகராதிக்குள் செத்துக் கிடக்கும் பொருள் இல்லை, தினமும் நாம் புழங்குவதுதான். மனத்தில் குறித்துப் பிடித்துக்கொண்டது குறிக்கோள். இன்னொருவர் சொன்னதை எடுத்துக்கொண்டால் மேற்கோள். வேண்டிக் கேட்டுக்கொள்வது வேண்டுகோள். ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் கோட்பாடு. அங்கே கோள் என்பதுதான் 'கோட்' என்று திரிந்திருக்கிறது. செய்யுளுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று நன்னூல் சொல்லும் இடத்துக்குப் பொருள்கோள் என்று பெயர், 'ஆற்றுநீர்ப் பொருள்கோள்' என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள்.

பழைய பாட்டில் இந்தப் 'பிடி' இன்னும் பச்சையாகத் தெரியும். குறுந்தொகையில் ஒரு முதலை வருகிறது, 'முதலைக் கோள்வல் ஏற்றை' என்று. கவ்வுவதில் வல்ல ஆண் முதலை. அந்த முதலைக்கும் உருண்டைக்கும் என்ன சம்பந்தம்? திருக்குறளின் ஒன்பதாவது குறள் எல்லோருக்கும் தெரியும், 'கோளில் பொறியின் குணமிலவே' என்று தொடங்கும். கோள் இல் பொறி, அதாவது எதையும் பற்றிக்கொள்ளாத புலன். பார்க்காத கண், கேட்காத காது. இதிலும் கோள் என்றால் பற்றுவதுதான்.

அப்போது கோளம்? அது வேறு வீட்டுப் பிள்ளை. வடமொழியில் கோல என்றால் உருண்டை, இந்தியில் கோல் என்றால் வட்டம், அந்தக் குடும்பத்துச் சொல் தமிழில் 'கோளம்' என்று வந்து சேர்ந்தது. ஒலி இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகிறது. போதாக்குறைக்குச் சென்னை கோட்டூர்புரத்தில் 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தால் கூரையே அரைக்கோளமாக இருக்கிறது, அப்புறம் பிள்ளைகள் வேறு எப்படி நினைக்கும்? ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்குச் செவ்வாய் ஒரு புள்ளி, வியாழன் ஒரு புள்ளி, வெள்ளி கொஞ்சம் பெரிய புள்ளி. தொலைநோக்கி வானத்தின் பக்கம் திரும்பியது 1609-10 வாக்கில். அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பெயர் வைத்தவர்கள், உருண்டை என்று பார்த்து வைத்திருக்க முடியாது.

சரி, கிரகம். வடமொழியில் 'க்ரஹ்' என்றால் பிடி, பற்று. ரிக் வேதத்தில் இது 'க்ரப்' என்ற இன்னும் பழைய வடிவில் இருக்கிறது. இந்த வேரிலிருந்து வந்த சொற்கள் தமிழில் எத்தனை என்று எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். பாடத்தைக் கிரகித்துக்கொள்வது என்கிறோமே, அது மனத்தால் பிடிப்பது. கல்யாணத்தில் பாணிக்கிரகணம் என்றால் கையைப் பிடிப்பது. தொகுத்துச் சேர்த்துப் பிடித்தால் சங்கிரகம். உண்மையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது சத்தியாகிரகம். 1930-இல் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தவர்களும், வானத்தில் ஓடும் சனிக்கிரகமும் சொல் அளவில் சொந்தக்காரர்கள். வேள்வியில் சோமச் சாற்றை மொண்டு எடுக்கிற கிண்ணத்துக்குக்கூட வேத நூல்களில் கிரகம் என்றுதான் பெயர். இன்னொரு பக்கம், ஆளைப் பிடித்து ஆட்டும் பேய்க்கும் அதே பெயர். குழந்தைகளைப் பிடிக்கும் ஒன்பது கிரகங்கள் என்று சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூல் ஒரு பட்டியல் தருகிறது. அந்த ஒன்பதில் ஒன்றுகூட வானத்தில் இல்லை. பூதனை, ரேவதி, சகுனி என்று போகும். நாட்டு வைத்தியர்கள் பாலகிரக தோஷம் என்று சொல்வது இந்தப் பட்டியலிலிருந்து வருவதுதான், ஜாதகத்திலிருந்து இல்லை.

(ஒரு கிளைக்கதை. புது வீட்டுக்குப் பத்திரிகை அடிக்கும்போது பாதிப் பேர் 'கிரகப்பிரவேசம்' என்று அடிக்கிறார்கள். வீட்டுக்கு வடமொழியில் க்ருஹ, தமிழில் கிருகம். ஆக அது கிருகப்பிரவேசம். 'கிரகப்பிரவேசம்' என்றால் ஏதோ ஒரு கிரகத்துக்குள் நுழைகிறீர்கள் என்று பொருள்; இஸ்ரோ கூப்பிட்டால் தவிர அது நடக்காது. 'புதுமனை புகுவிழா' என்று போட்டால் வம்பே இல்லை.)

இப்போது பிடித்தது யார் என்ற கேள்விக்கு வருவோம். வானத்தில் ஒன்று இன்னொன்றைப் பிடிப்பது கண்ணுக்கு நேராகத் தெரிவது ஒரே ஒரு சமயத்தில்தான், அது கிரகணம். கிரகணம் என்ற சொல்லுக்கே பொருள் பிடித்தல் என்பதுதான். நிலவையோ சூரியனையோ ஏதோ ஒன்று கவ்விக்கொள்கிறது, கொஞ்ச நேரம் வைத்திருக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது. கவ்வும் அந்த ஏதோ ஒன்றுதான் பழைய கிரகம், வடமொழியில் ராகு. தமிழில் அது பாம்பு. காமத்துப்பாலில் 1146-ஆவது குறளில் தலைவி சொல்கிறாள், அவனைப் பார்த்தது என்னவோ ஒரே ஒரு நாள்தான், ஊர்ப் பேச்சு மட்டும் 'திங்களைப் பாம்புகொண் டற்று' ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்று. வினையைக் கவனியுங்கள்: பாம்பு தின்றது, கடித்தது, மறைத்தது என்றெல்லாம் இல்லை, பாம்பு கொண்டது. கொள், கோள். வடமொழிக்காரர் க்ரஹ் என்று சொன்ன இடத்தில் வள்ளுவர் கொள் என்று வைத்திருக்கிறார். இந்த ஒரு குறளே என் பதிலுக்குப் போதும், மீதியெல்லாம் உபரி.

பேச்சில் இன்றைக்கும் இது மாறவில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று இரவு முழு சந்திர கிரகணம் வந்ததே, ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது ஐம்பத்தேழுக்கு நிலவின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. மொட்டை மாடியில் நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம், பக்கத்து வீட்டுப் பாட்டி கீழேயிருந்து குரல் கொடுத்தார், "பிடிச்சிருச்சாப்பா?" என்று. பதினொன்று தாண்டியதும் நிலவு முழுக்கச் செம்பு நிறத்தில், பழைய குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டதுபோலத் தொங்கியது. ஒன்றரை மணிக்கு நாங்கள் இறங்கி வந்தபோது பாட்டி தூங்காமல் இருந்தார், "விட்டிருச்சா?" என்றார், குளித்துவிட்டுத்தான் படுத்தார். பிடித்தது, விட்டது. பஞ்சாங்கத்தில் பாருங்கள், கிரகணத்தின் தொடக்கத்துக்கு ஸ்பரிசம் என்று போட்டிருக்கும், தொடுதல். முடிவுக்கு மோட்சம், அதாவது விடுதலை. பிடிபட்டவனுக்குத்தானே விடுதலை? சொல்லுக்குச் சொல் அந்தப் பழைய படம் அப்படியே இருக்கிறது.

நிலவைப் பாம்பு விழுங்கவில்லை, பூமியின் நிழல்தான் அதன்மேல் விழுகிறது என்று ஆரியபட்டர் 499-இலேயே எழுதிவிட்டார். ஆனால் ராகுவும் கேதுவும் அதனால் வேலையிழக்கவில்லை, பதவி மாறிவிட்டது. நிலவு போகும் பாதை, சூரியன் போவதாக நமக்குத் தெரியும் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. சூரியனும் நிலவும் அந்த இடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் கிரகணம் வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வந்தாக வேண்டும். அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகள்தான் கணக்கில் ராகுவும் கேதுவும். அவை பின்னோக்கி நகர்கின்றன, ஒரு சுற்றுக்கு 18.6 ஆண்டுகள், ராசிக்கு ஒன்றரை வருடம் என்று ஜோதிடர் சொல்வது அதுதான். உடம்பே இல்லாத, கண்ணால் பார்க்கவே முடியாத இரண்டு புள்ளிகளைக் கிரகம் என்று அழைத்தார்கள் என்பதிலிருந்தே தெரியவில்லையா, அந்தச் சொல்லின் பொருள் பொருளைப் பற்றியது இல்லை, செயலைப் பற்றியது என்று?

பாம்பிடமிருந்து இந்தப் பெயர் மற்றவர்களுக்கு எப்படிப் போனது? மேலே சொன்ன பேய் வழியாகத்தான் என்பது என் கணிப்பு. வானத்தில் நகரும் இவை மனிதர்களைப் பிடித்துக்கொள்கின்றன, ஆட்டி வைக்கின்றன என்ற நம்பிக்கை ஊறியதும் நகரும் எல்லாமே கிரகம் ஆகிவிட்டது, ஞாயிறும் திங்களும்கூட. இதற்கும் ஆதாரம் தேடி எங்கேயும் போக வேண்டாம், தெருவில் நின்று கேட்டால் போதும். 'ஏழரைச் சனி பிடிச்சிருக்கு', 'சனியன் பிடிச்ச வண்டி', 'கெரகம் பிடிச்சவன்'. சனி பார்த்தது என்றுகூடச் சொல்வதுண்டு, ஆனால் கோபம் வந்தால் வாயில் வருவது 'பிடிச்சது'தான். கிரகம் பிடித்தது என்பதைச் சொல் சொல்லாகப் பெயர்த்தால் 'பிடிப்பது பிடித்தது' என்று வரும், நடுச் சென்டர் என்று சொல்வதுபோல. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகத்துக்குக் கோளறு பதிகம் என்று பெயர் வந்ததும் இந்தப் பொருளில்தான், அந்தப் பிடியை அறுப்பது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு, கூடவே 'பாம்பிரண்டும்' என்று கணக்குக் காட்டி ஒன்பதையும் அதில் வரிசைப்படுத்திவிடுகிறார்.

இங்கே இரண்டு விளக்கங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு முறை எனக்கு வந்துவிடுகின்றன. ஒன்று, சூரியனிடமிருந்து ஒளியைக் 'கொள்வதால்' கோள், நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நவக்கிரகத்தில் முதல் ஆளே சூரியன். அவர் யாரிடம் ஒளியைக் கடன் வாங்கினார்? கும்பகோணத்துப் பக்கம் சூரியனார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து இந்த விளக்கத்தை யாரும் எழுத முடியாது. ராகு கேதுவுக்கோ ஒளியே இல்லை. இரண்டாவது, ஈர்ப்புவிசையால் மற்றவற்றைப் பிடித்து இழுப்பதால் கிரகம், ஆக நியூட்டனுக்கு முன்பே ஈர்ப்பு நமக்குத் தெரியும் என்பது. இதற்குத் துணைக்கு, கோயிலில் நவக்கிரகச் சன்னிதியில் நடுவில் சூரியன் நிற்கிறார் பார்த்தீர்களா என்பார்கள். பார்த்தேன். சுற்றி நிற்பவர்களில் சந்திரனும் இருக்கிறார், ராகுவும் கேதுவும் இருக்கிறார்கள், நாம் நிற்கும் பூமி மட்டும் இல்லை. சூரியனைச் சுற்றும் குடும்பத்தின் படம் என்றால் பூமியை விட்டுவிட்டா வரைவார்கள்? முன்னோர் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை, ஆனால் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் கணக்கில் இருந்தது. அதைப் பாராட்டலாமே.

தமிழில் இந்தச் சொல் எவ்வளவு பழையது என்று கேட்டால், சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மறவர்கள் மன்றத்தில் கூட்டமாகக் கூடி மற்போர் செய்யும் காட்சி. அதற்கு உவமை 'நாண்மீன் விராய கோண்மீன் போல'. நாள்மீன்களுக்கு நடுவே கலந்து நிற்கும் கோள்மீன்கள் மாதிரி. நாள்மீன் என்றால் அசுவினி பரணி என்று எண்ணும் 27 நட்சத்திரங்கள், நிலவு நாளுக்கு ஒன்றாகக் கடந்து போவதால் அந்தப் பெயர். அவை தங்களுக்குள் இடம் மாறுவதில்லை. அவற்றின் நடுவே புகுந்து புறப்படுவது கோள்மீன். மற்போர்க் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை: கூட்டம் நிற்கிறது, சிலர் மட்டும் அதற்குள் பாய்ந்து பாய்ந்து போகிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்துப் புலவர்கள் இவற்றைப் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் நிறத்தால்தான் கூப்பிட்டார்கள். வெண்மையாக இருப்பது வெள்ளி அல்லது வெண்மீன். சிவந்தது செவ்வாய். கறுத்து மங்கித் தெரிவது மைம்மீன், அதுதான் சனி. காரி என்றும் பெயர். வியாழனுக்குப் பொன் என்று பெயர், மாலையில் அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். புறநானூற்றில் கபிலர், மைம்மீன் புகைந்தாலும் தூமம் தோன்றினாலும் வெள்ளி தெற்கே ஓடினாலும் பாரியின் நாட்டில் விளைச்சல் குறையாது என்கிறார். தூமம் என்பது வால்மீன். தனித்தனி ஆட்களுக்கு நிறப் பெயர், எல்லோரையும் சேர்த்துச் சொல்ல 'பிடிப்பவை' என்று ஒரு பொதுப் பெயர். அந்தப் பொதுப் பெயர் கிரகம் என்பதைப் பொருள் பார்த்துத் தமிழாக்கிக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒலியை அப்படியே வாங்காமல் பொருளை மட்டும் வாங்கி நம் சொல்லில் ஊற்றிக்கொள்வது தமிழுக்குப் பழைய பழக்கம்.

இனி கிரேக்கம். பிளனேட்டேஸ் என்றால் ஊர் ஊராக அலைபவன், நாடோடி. இதுவும் வானத்தைப் பார்த்து வைத்த பெயர்தான், ஆனால் பார்த்த இடம் வேறு. இதைப் புரிந்துகொள்ள 2024 டிசம்பர் தொடங்கி 2025 பிப்ரவரி வரை வாரம் இரண்டு தடவை நான் மாடிக்குப் போய்ச் செவ்வாயைப் பார்த்தேன். வேறு கருவி எதுவும் இல்லை, ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். டிசம்பர் முதல் வாரத்தில் அது பூசத்துப் பக்கம் இருந்தது. வழக்கமாகக் கிழக்கு நோக்கி நகரும் ஆள், நின்றுவிட்டது. அப்புறம் பின்னால் வர ஆரம்பித்தது. ஜனவரி நடுவில் புனர்பூசத்தின் அந்த இரண்டு நட்சத்திரங்களோடு சேர்ந்து, மூன்றாவதாக ஒரு சிவப்பு ஆள் வரிசையில் வந்து நின்றதுபோல இருந்தது. அப்போது பூமியிலிருந்து சுமார் 9.6 கோடி கிலோமீட்டர்தான், அதனால் நல்ல வெளிச்சம். பிப்ரவரி கடைசியில் மறுபடி நின்று, மறுபடி கிழக்கே கிளம்பியது. நோட்டில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் நெளிந்த ஒரு கொக்கி வந்தது. பஞ்சாங்கம் இதைத்தான் வக்கிரம் என்கிறது. உண்மையில் செவ்வாய் எங்கும் திரும்பவில்லை. உள்வட்டத்தில் வேகமாகப் போகும் பூமி அதை முந்துகிறது, எக்ஸ்பிரஸ் ரயிலில் இருந்து பார்த்தால் பக்கத்துத் தண்டவாளத்துப் பாசஞ்சர் பின்னால் நகர்வதுபோலத் தெரிகிறதே, அந்தக் கதை. அது தெரியாமல் அந்த நோட்டை மட்டும் பார்க்கிறவனுக்கு, 'இவன் வழி தெரியாமல் திரிகிறான்' என்றுதான் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால் பிளேட்டோவுக்கே இந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஞாயிறு, திங்கள் போன்ற பெரும் தெய்வங்களை நாடோடி என்று சொல்வது தெய்வ நிந்தனை, அவை ஒரே பாதையில்தான் போகின்றன, நமக்குத்தான் பல பாதைபோலத் தெரிகிறது என்று வாதாடினார். ரோமானியர் சிசரோவும், அலைவன என்று இவற்றுக்குத் தவறாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே எழுதினார். இருந்தும் பெயர் மாறவில்லை. கிரேக்கர்களுக்கும் முன்பே பாபிலோனியர்கள் இவற்றை பிப்பு என்று அழைத்தார்கள், அதற்குக் காட்டு ஆடு என்று பொருள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பெயர் இதுதான். வானம் முழுக்க ஒழுங்காகப் போகும் மந்தை, அதில் மேய்ப்பனுக்கு அடங்காத சில ஆடுகள். சீனத்தில் இதற்கு 'நடக்கும் மீன்', ஜப்பானில் 'குழம்பித் திரியும் மீன்'. அரபியில் நகர்ந்து போவது என்ற பொருளில் சய்யார். அதே வேரில் வரும் சய்யாரா உருதுவில் கோள், இன்றைய அரபியில் மோட்டார் கார். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் தினமும் காதில் விழுந்திருக்கும்.

கிரகணத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எக்லிப்ஸ் என்பதும் கிரேக்கச் சொல், அதற்குக் கைவிட்டுப் போதல், வராமல் போதல் என்று பொருள். அவர்களுக்கு நிலவு எங்கேயோ போய்விட்டது, நமக்கு யாரோ பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு பிளானட் ஊர்சுற்றி, நமக்கு அது ஆளைப் பிடிப்பது.

பிற்பாடு இந்தச் சொற்கள் பட்ட பாடு தனி. 1543-இல் கோபர்னிக்கஸ் புத்தகம் வந்ததும் பூமி அலையும் கூட்டத்தில் சேர்ந்தது, ஞாயிறு வெளியேறியது. 1610-இல் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்ட கலிலியோவே அவற்றையும் கோள் என்றுதான் சொன்னார். பெரிய மனிதர்களின் மெய்க்காவலர் என்று பொருள்படும் சாட்டிலைட் என்ற லத்தீன் சொல்லை அவற்றுக்குக் கொடுத்தவர் கெப்லர். 1801 ஜனவரி 1 அன்று கண்டுபிடித்த சீரிஸ் கொஞ்ச காலம் கோளாக வாழ்ந்து சிறுகோளாக இறங்கியது. புளூட்டோவின் கதை எல்லோருக்கும் தெரியும், 2006 ஆகஸ்ட் 24, பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் கூட்டம், 1930-இல் உள்ளே வந்தவர் வெளியே. அன்றைக்குப் போட்ட நிபந்தனைகள் மூன்று: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் எடையாலேயே உருண்டு திரண்டிருக்க வேண்டும், தன் பாதையில் கிடக்கும் சில்லறைகளை எல்லாம் இழுத்துக்கொண்டோ வீசி எறிந்தோ துப்புரவாக்கியிருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் படித்துவிட்டுத்தான் 'கோள் என்றால் கோளம்' என்ற குழப்பம் மறுபடி தழைக்கிறது. ஆனால் புளூட்டோ உருண்டைதான், சோதனையில் தோற்றது மூன்றாவதில். அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளத் தெரியாததால் கோள் பட்டம் போயிற்று. யாரும் திட்டமிட்டது இல்லை, தற்செயல்தான், இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாக, எதை எழுதுவது? இரண்டும் சரி, இரண்டும் ஒரே பொருள் என்பதால் 'கிரகம் மூடநம்பிக்கை, கோள் அறிவியல்' என்று பிரிப்பதில் பொருள் இல்லை. ஆனால் புழக்கம் தானாகவே ஒரு பிரிவினை செய்துவிட்டது. ஜாதகம், கோயில், திட்டு என்றால் கிரகம். 'என் கோள்' என்று யாரும் தலையில் அடித்துக்கொள்வதில்லை, 'என் கெரகம்' என்றுதான் அடித்துக்கொள்கிறோம். வேற்றுக்கிரகவாசி என்ற சொல்லும் நிலைத்துவிட்டது, அதை மாற்றப் போராட வேண்டாம். அறிவியல் எழுதுகிறீர்கள் என்றால் கோள் என்று எழுதுங்கள், காரணம் தூய்மை இல்லை, வசதி. கோளை வைத்துக்கொண்டு துணைக்கோள், சிறுகோள், குறுங்கோள், புறக்கோள், செயற்கைக்கோள் என்று ஒட்டிக்கொண்டே போகலாம், நாக்கும் சுளுக்காது. உபகிரகம் என்று பழைய பாடப்புத்தகங்களில் பார்த்திருக்கிறேன், இப்போது அதை யாரும் எழுதுவதில்லை. இலங்கையில் செயற்கைக்கோளைச் செய்மதி என்கிறார்கள். செய்த மதி, மனிதன் செய்து ஏற்றிவிட்ட நிலா. மூன்றே எழுத்து மிச்சம் என்றாலும், நம் சொல்லைவிட அது அழகு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு, சுற்றிவருவதற்குப் 'பிடிப்பது' என்று பெயர் வைக்கும் சங்கடமும் அதில் இல்லை.

கொக்கியை உங்கள் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், செவ்வாய்க்கு அடுத்த வக்கிரம் 2027 ஜனவரி 10 வாக்கில் தொடங்கி ஏப்ரல் முதல் தேதி வரை. பிப்ரவரி 19-ஐ ஒட்டி அது மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், இரவு முழுக்க வானத்தில் இருக்கும். பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள், பனிக்காலம், தலையில் துண்டு கட்டிக்கொண்டு போங்கள்.